உப்பில்லாத மாதத்தில் போட்ட கணக்கு

கொச்சி மட்டாஞ்சேரியில் என்னைத் தெரியாத நகைக்காரன் இருக்கலாம், துணிக்காரன் இருக்கலாம். துணி துவைக்கிற ஒருத்தர் இருக்க முடியாது. நாலாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நான். பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை சுமந்தேன். பிறகு சைக்கிளில் சோப்புப் பெட்டி கட்டி, தோப்பும்படி, பள்ளுருத்தி என்று வீடு வீடாக விற்றேன். அடுத்தவன் காய்ச்சிய சோப்பை விற்று அலுத்துப்போய், மீசை நரைக்கும் முன்பே சொந்த அடுப்பு மூட்டினேன். சோப்பு காய்ச்சும் வார்ப்பு, ஒரு ஆள் உள்ளே இறங்கி நின்று கழுவுகிற அளவுக்குப் பெரிய இரும்புப் பாத்திரம். அதில் கொதிப்பது பதமா இல்லையா என்று வெளியே நின்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு?

எண்பதுகளில் ஒரு தடவை, சிறுதொழில் நடத்துகிறவர்களுக்கென்று கலூரில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து படித்த பையன் ஒருவன் பேச வந்திருந்தான். ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது வீணா, பலன் உண்டா என்று எப்படி அளப்பது என்பதுதான் பேச்சு. கரும்பலகையில் கோடு போட்டான். உள்ளே போனது கீழே, வெளியே வந்தது மேலே, நடுவில் காலம். பிறகு எங்களைப் பார்த்து, இங்கே யாராவது சொந்தத் தொழிலில் ஆராய்ச்சி செய்திருக்கிறீர்களா என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். உமிழ்நீரில் பொட்டலம் ஒட்டுகிற ஆட்களிடம் போய் இதைக் கேட்டால்? நான் கை தூக்கினேன். எப்படி அளந்தீர்கள் என்றான். எழுந்து நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். ஐந்நூறு பேர் நடுவில் ஏலம் கேட்கிற தொண்டை என்னுடையது. அன்றைக்கு பஸ் பேரைச் சொல்லி நழுவினேன்.

என் தொழிற்சாலையில் ஆராய்ச்சி செய்தவள் என் மகள்.

எழுபதுகளில், தினமும் படகு ஏறி எர்ணாகுளம் போய் ரசாயனம் படித்தாள். எங்கள் குடும்பத்தில் ஆணோ பெண்ணோ கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். அவள் தேறிய அன்று மார்க் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பஜார் ரோடு முழுக்க நடந்தேன். படிக்கத் தெரிந்தவனுக்கும் காட்டினேன், தெரியாதவனுக்கும் காட்டினேன். அவள் வெட்கப்பட்டு ஒரு வாரம் கடைப்பக்கம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தேங்காயெண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனது. தேங்காயெண்ணெயில் காய்ச்சிய சோப்பு கடல் தண்ணீரில்கூட நுரைக்கும். ஆனால் அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? எல்லோரும் போல நாங்களும் ரப்பர்க் கொட்டை எண்ணெயைக் கலந்தோம். சோப்பு பார்க்க வெள்ளையாக, மினுமினுப்பாகத்தான் வந்தது. மழைக்காலத்தில் ஒரு புகாரும் இல்லை. வெயில் காலம் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மாசி பிறந்தால் உப்பு ஏறும். குழாய்த் தண்ணீர் குடிக்கவே போதாது, துவைப்பதெல்லாம் கிணற்றிலும் குளத்திலும்தான். அந்தத் தண்ணீரில் எங்கள் சோப்பு நுரைக்காமல், திரிந்த பால் மாதிரி துணியில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஒரு அம்மாள் கடைக்கே வந்து, பாதி தேய்ந்த கட்டியை என் முன்னால் வைத்து, இதை நீயே தேய்த்துக் குளி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னேன். உப்புத் தண்ணீரில் நுரைக்கணும், விலையும் ஏறக்கூடாது, முடியுமா? பார்க்கலாம் அப்பா என்றாள். காஸ்டிக் சோடா டிரம் அடுக்கியிருந்த பின்அறையைக் காலி செய்து வெள்ளையடித்துக் கொடுத்தேன். தராசு, ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குப்பிகள் வாங்கித் தந்தேன். அவள் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? நல்ல மீன மாசத்து வெயிலில், அதாவது பங்குனியில், கிணறு கிணறாகப் போய்ப் பெரிய ஊறுகாய் ஜாடிகளில் தண்ணீர் பிடித்து வந்து, வாயைத் துணியால் கட்டி வரிசையாக வைத்தாள். புதுச் சோப்பைச் சீவிக் குப்பியில் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிக் குலுக்குவாள். நுரை எவ்வளவு உயரம் எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பாள். அடங்கிவிட்டால் அடுத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அதே வேலை. சாப்பிடக் கூப்பிட்டால் நுரையைப் பார்த்துக்கொண்டே, வரேன், வரேன் என்பாள். அவள் அம்மா சோற்றைக் கொண்டுபோய் அங்கேயே வைத்துவிட்டு வருவாள்.

தொழிலில் எனக்குப் பாதிப் பங்காளி என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். காய்ச்சுவது நான், விற்பது அவர். நல்ல மனுஷன்தான், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் கண்ணில் படாத சரக்கை அவர் நம்பமாட்டார். பின்அறைக்குப் பள்ளிக்கூடம் என்று பேர் வைத்தார். காலையில் வந்ததும் முதல் கேள்வி, பள்ளிக்கூடத்தில் மணி அடிச்சாச்சா என்பதுதான். வேலைக்காரர்கள் சிரிப்பார்கள். மகளும் உள்ளேயிருந்து, அடிச்சாச்சு மாமா, லேட்டா வந்தவங்க வெளியே நிக்கணும் என்று பதில் கொடுப்பாள்.

சிரிப்பு எத்தனை நாள் ஓடும்? மச்சான் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பையன் தூரத்து உறவு. நாக்பூருக்கும் அப்பால் ஒரு நிலக்கரிச் சுரங்கத்து ஆபீஸில் வேலை. குறை சொல்ல ஒன்றும் இல்லை, தூரம் ஒன்றைத் தவிர. மகள் என்னிடம் நேராகவே சொன்னாள், எனக்கு இந்த ரூம் போதும் அப்பா, கல்யாணம் வேணும்னா இங்கேயே கொச்சியில யாரையாவது பாருங்க என்று. நான் மச்சானிடம் போய்ப் பேசினேன்.

அவர் கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"மாப்ளே, கல்யாணத்தை வச்சு நான் பேசல. தொழிலை வச்சுப் பேசறேன். மோள் அந்த ரூம்ல இருந்து நமக்கு என்ன கிடைச்சுது, காட்டுங்க. காட்டினா அவ இங்கேயே இருக்கட்டும், இங்கேயே மாப்பிள்ளை நான் தேடறேன். இல்லேன்னா வயசுப் பொண்ணைக் குப்பி குலுக்க வச்சோம்னு ஊர் நம்மள குலுக்கிடும்."

நியாயம்தானே? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. காட்டுவது எப்படி என்று பேசினோம். கடையிலிருந்து திரும்பி வருகிற சோப்பு குறைகிறதா என்று பார்க்கலாம் என்றேன் நான். குறைந்ததை வைத்துச் சோறு பொங்க முடியாது, விற்றதைப் பார்க்கணும் என்றார் அவர். தொழில் துறை ஆபீஸர் ஒருவர் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார். அவரிடம் கேட்டேன். வருஷத்துக்கு எத்தனை புதுச் சரக்கு வருகிறது என்று எண்ணுங்கள், அதுதான் அளவு என்றார். மகளைக் கேட்டால் நுரை நிற்கிற நேரம்தான் அளவு என்றாள். ஆளுக்கொரு படி, ஆளுக்கொரு அளவு. கடைசியில் மச்சான் சொன்னதில் வந்து நின்றோம். இந்த ஓணத்துக்கு அவளுடைய சோப்பையும் பழைய சோப்பையும் ஒரே விலையில் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது. ஓணக் கணக்கு முடிக்கும்போது எது அதிகம் போயிருக்கிறதோ அது ஜெயித்தது.

ஓணம் ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மட்டாஞ்சேரியில் குஜராத்திச் சேட்டுகளுக்குத் தீபாவளியில் கணக்கு முடியும். எங்களைப் போன்றவர்களுக்கு ஓணத்தில். புது வருஷம் அதுதான், போனஸ் அதுதான், சோப்பு அதிகம் விற்கிற காலமும் அதுதான். சூரியன் ஏன் கிழக்கே உதிக்கிறது என்று கேட்போமா?

அந்த மேட மாசக் கடைசியில், அதாவது சித்திரை முடிவில், மழைக்கு முன்னால், மகள் கூப்பிட்டாள். போனேன். குப்பியைக் குலுக்கி வைத்தாள். உப்புத் தண்ணீரில் நுரை கழுத்து வரை எழுந்து, பஞ்சு மாதிரி நின்றது. நான் ஒரு சாயா குடித்துவிட்டு வந்து பார்த்தேன், அப்படியே நின்றது. ரப்பர்க் கொட்டை எண்ணெயை எப்படியோ சுத்தம் செய்து, ஆமணக்கெண்ணெய் கொஞ்சம், சிலிக்கேட் கொஞ்சம் சேர்த்திருந்தாள். விலை ஏறவில்லை. ஒரே குறை, நிறம். காப்பிப்பொடி போலிருந்தது. நிறம் கிடக்கட்டும் மோளே, துணியா கறுத்துப்போகுது என்றேன். அன்று வேலைக்காரர்கள் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். மச்சானுக்கு இரண்டு.

இடவத்தில், நம்ம வைகாசியில், மழை பிடித்தது. நாங்கள் வார்ப்பு வார்ப்பாகக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, கம்பியால் அறுத்து, உலர வைத்தோம். மழை ஈரத்தில் உலர நாளாயிற்று. கர்க்கடகம், அதாவது ஆடி முழுக்க மழை. மகள் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஒவ்வொரு வார்ப்பிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து ஜாடித் தண்ணீரில் குலுக்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது அப்பா, நன்றாக இருக்கிறது என்பாள். நன்றாகத்தான் இருந்தது. ஜாடிகளில் இருந்தது மீன மாசத்துத் தண்ணீர் அல்லவா? வெளியே மழை கொட்டியது, அந்த அறைக்குள் மட்டும் கோடைக்காலம் மாறாமல் நின்றது. அவளும் அதை நினைக்கவில்லை, உப்பையும் மழையையும் பார்த்தே வளர்ந்த நானும் நினைக்கவில்லை.

ஓண விற்பனை தொடங்கியது. நான் ஒவ்வொரு கடையாகப் போய் நின்றேன். வெள்ளையும் காப்பிப்பொடியும் பக்கத்துப் பக்கத்தில். பெண்கள் வருவார்கள், இரண்டையும் எடுத்து முகர்ந்து பார்ப்பார்கள், வெள்ளையை வாங்கிக்கொண்டு போவார்கள். ஓணத்துக்கு யார் கறுப்புச் சோப்பு வாங்குவார்கள் சேட்டா என்று ஒரு கடைக்காரன் என்னிடமே சொன்னான். வீட்டில் வந்து சொல்லவில்லை. ஆனால் மச்சான் முகத்தில் கெக்கலிப்பு இல்லை, அதிலேயே மகளுக்குப் புரிந்துவிட்டது. வேலிக்குப் போகலாம் அப்பா என்றாள்.

வேலி என்றால் கொச்சிக் கோட்டைக்கு அருகே துணி வெளுக்கிறவர்களின் இடம். எங்கள் தமிழ் ஆட்கள்தான். சோப்பின் நல்லது கெட்டதை அவர்களைப் போல அறிந்தவர்கள் கிடையாது. பெரியவர் ஒருவர் தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று துவைத்துக்கொண்டிருந்தார். இரண்டு சோப்பும் கல் மேல் இருந்தன. மகள் கேட்டாள், எது நல்லா இருக்கு தாத்தா என்று.

அவர் யோசித்துத்தான் சொன்னார். "ரண்டும் ஒண்ணு போலத்தான் நுரையுது மோளே. அப்ப கண்ணுக்கு வெளுத்தது நல்லாருக்கு, அவ்வளவுதான்."

ஒண்ணு போலவா என்றாள். எங்கள் முன்னாலேயே தேய்த்துக் காட்டினார். உண்மைதான். பழைய வெள்ளையும் பொங்கிப் பொங்கி நுரைத்தது. மகள் குனிந்து, தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். மறுபடி ஒரு தடவை வைத்தாள்.

"அப்பா, தண்ணியில உப்பே இல்லை."

மழை கழுவிக்கொண்டு போயிருந்தது. ஊர்க் கிணறு எல்லாம் இளநீர் மாதிரி இனித்துக் கிடந்தது. அந்தத் தண்ணீரில் செங்கல்லைத் தேய்த்தாலும் நுரைக்கும். நோயே இல்லாத மாசத்தில் மருந்தைக் கொடுத்து, குணம் தெரிகிறதா என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மழையில் நனைந்தபடியே மச்சான் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரியாமல் இல்லை, உப்புத் தண்ணீரில் வளர்ந்த ஆள்தான் அவரும். மீன மாசம் வரைக்கும் பொறுங்கள், அப்போது எண்ணுவோம் என்றேன். யாரிடமும் கை கூப்பாத நான் கூப்பினேன் என்று நினைக்கிறேன்.

"மாப்ளே, துலாத்துல கல்யாணம்னு வாக்குக் கேட்டு நிக்கறாங்க. கிணத்துல உப்பு ஏறட்டும், அப்பறம் பொண்ணைத் தரேன்னு அவங்க கிட்ட எந்தப் பாஷையில சொல்லட்டும்?"

எனக்கும் அந்தப் பாஷை தெரியவில்லை. ஓணம் என்று பேசியது பேசியதுதான் என்று மகளே வந்து முடித்து வைத்தாள். அழவில்லை. குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஜாடித் தண்ணீரை ஒவ்வொன்றாகக் கொல்லையில் கொட்டினாள். நான் கொட்டுகிறேன் என்று அவள் அம்மா போனபோது, விடவில்லை.

துலாத்தில், அதாவது ஐப்பசியில், கல்யாணம். எங்கள் தெரு அதுவரை பார்த்திராத கல்யாணம், அதை நான் சொல்லியே ஆகவேண்டும். ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது அவள் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, உலராத சோப்பை வெயிலில் வைக்காதீங்க, வெடிச்சிடும் என்றாள்.

பின்அறையில் காலிப் பெட்டிகளை அடுக்கினோம். விற்காத காப்பிப்பொடிச் சோப்பை மச்சான் மலைப்பக்கத்து வியாபாரி ஒருவனுக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டார்.

மாசி பிறந்தது. கிணறு உப்பாயிற்று. மீனத்தில் மச்சான் ஒரு மத்தியானம் தொழிற்சாலைக்கு வந்து, கணக்குப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமாக நிற்கக்கூட நேரமில்லாதவர். நாலு கடையில் கேட்டுவிட்டார்கள் என்றார். ஓணத்துக்கு வந்த அந்தக் கறுப்புச் சோப்பு எங்கே, அது இந்தத் தண்ணீரிலும் நுரைக்கிறதே என்று. தெரியாமல் ஒரு கட்டி வாங்கி வீட்டில் மிச்சம் வைத்திருந்த பெண்கள் பக்கத்து வீட்டுக்குச் சொல்லி, அவர்கள் அடுத்த வீட்டுக்குச் சொல்லி. வேலியிலிருந்து அந்தப் பெரியவரே கடைக்கு ஆள் அனுப்பியிருந்தார். எங்களிடம் ஒரு கட்டி இல்லை, எண்ணெயைச் சுத்தம் செய்கிற பக்குவமும் அவளுக்குத்தான் தெரியும்.

"மாப்ளே," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "மோளெ விளிக்கணும்."

மகளைக் கூப்பிட நானே ரயில் ஏறினேன். கரி படிந்த ஊர், வரிசை வீடுகள். மருமகன் நல்ல பிள்ளை. அவன் அம்மா படுத்த படுக்கை, மகள்தான் எல்லாம் பார்த்தாள். மூன்று மாத கர்ப்பம் வேறு. சோறு போட்டாள், மீன் கிடைக்காது அப்பா என்று சொல்லிக்கொண்டே. கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது கேட்டாள்:

"கிணத்துல உப்பு ஏறிடுச்சாப்பா?"

"ஏறிடுச்சு மோளே. உன் சோப்பைத்தான் ஊரே கேக்குது. மாமாவே வந்து சொன்னாரு."

"மாமாவா?" என்று சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். "என்ன சொன்னாரு?"

"உன்னை விளிக்கச் சொன்னாரு."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. உள்ளே மாமியார் இருமுகிற சத்தம் கேட்டது. "இப்பவாப்பா?" என்றாள். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்கப் போனாள். நான் மறுநாள் தனியாகத் திரும்பினேன். வண்டியில் பக்கத்தில் இருந்தவர் நான் என்ன தொழில் செய்கிறேன் என்று கேட்டார். அரிசி வியாபாரம் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் சோப்பு என்று சொல்ல வாய் கூசியது அந்த ஒரு தடவைதான்.

நான் கிளம்பும் முன் அவள் பக்குவத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தே அனுப்பினாள், ஒளிக்கவில்லை. அதை வைத்து அந்தச் சோப்பைக் காய்ச்சினோம். கோடைதோறும் அதுதான் விற்றது. புது வார்ப்பு, புதுக் கொட்டகை, சைக்கிளில் போனவன் லாரி வாங்கியது எல்லாம் அந்தக் காப்பிப்பொடி நிறத்தால்தான். கணக்கு முடிப்பதையும் ஓணத்திலிருந்து விஷுவுக்கு மாற்றினோம். மேட மாசம், தண்ணீர் உப்புக் கரிக்கிற நேரம். மச்சான் சொல்லித்தான் மாற்றினோம். மட்டாஞ்சேரியில் விஷுவுக்குக் கணக்கு முடிக்கிற ஒரே கம்பெனி எங்களுடையது. மற்ற வியாபாரிகள் கேலி பேசினார்கள், காரணத்தை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. மகள் பிரசவத்துக்கு வந்தாள், பிறகு எப்போதாவது லீவுக்கு வந்தாள். தொழிற்சாலை வாசல் வரை வருவாள், பேரப்பிள்ளைக்கு வார்ப்பைக் காட்டுவாள். பின்அறைப் பக்கம் போகமாட்டாள். சம்பளத்துக்கு ஒரு ரசாயனம் படித்த பையனை வைத்துப் பார்த்தேன். சொன்னதைச் செய்தான், ஐந்து மணிக்குப் போனான்.

எண்பதுகள் பாதி போனபோது சோப்புப் பவுடர் பட்டிதொட்டி எல்லாம் வந்துவிட்டது. உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று அதற்குப் பேதமே இல்லை. ஊறப்போட்டால் போதும், நுரை வாளிக்கு வெளியே வழியும். விலையும் குறைவு. அந்த விஷுக் கணக்கில் முதல்முறையாக எங்கள் சோப்பு இறங்கியது. மச்சான் ஒரு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். அதன் மூலையைக் கிழித்தார். கொஞ்சம் பவுடர் மேசையில் சிந்தியது. விரலால் அதை ஒன்றுகூட்டிக்கொண்டே, இதுக்கு நாம என்ன செய்யணும் மாப்ளே என்று கேட்டார். என்னிடம் கேட்கிற கேள்வி அல்ல அது என்று அவருக்கும் தெரியும். நான் எழுந்துபோய் வார்ப்புக்கு விறகு தள்ளச் சொன்னேன்.